மேடையும் மந்தையும்



எதைப் பற்றிப் பேசலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டபோது, பேச்சைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். இந்த அறக்கட்டளையை வைத்த ஆசிரியர் தம் ஓய்வூதியத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்துச் சேர்த்த பணம் இது. ஊர்ச்சனம் வருடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து ஒரு நல்ல பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அங்கிருந்துதான் வந்தது.

என் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இந்த நத்தம் சாலையில் கோபால்பட்டி வரைக்கும் அவருடைய செட்தான். ஆம்ப்ளிபயர் பெட்டி ஒன்று, குழாய் இரண்டு, மைக் ஒன்று, லாரி பேட்டரி ஒன்று. மந்தையில் நின்ற புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டுவது என் வேலை. கட்டிவிட்டு இறங்கிப் பெட்டிக்குப் பின்னால் போய் நிற்பேன். உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற இரண்டு நிமிடம் ஆகும். முதலில் மங்கலாக, பிறகு ஆரஞ்சாக, பிறகு அடுப்புத் தணல் மாதிரி சிவந்து நிற்கும். அப்போதுதான் சித்தப்பா மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "அலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார். அந்தச் சத்தம் சிறுமலைப் பக்கம் போய்த் திரும்பி வரும். காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அன்று ராத்திரி கூட்டம் என்று யாரும் தண்டோரா போட வேண்டியதில்லை.

கூட்டம் எப்படி உட்கார்ந்தது என்பதும் நினைவிருக்கிறது. ஆண்கள் முன்னால் மணலில். பெண்கள் கோயில் சுவர் ஓரமாக, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு. காலனிச் சனம் மந்தைக்குள் வராமல் சாலை ஓரத்தில், நின்றபடி. மூன்று கூட்டமும் ஒரே பேச்சைக் கேட்டது. குழாய்க்குத் தெரு பேதம் கிடையாது. சாலை ஓரத்தில் நின்றவர் காதிலும், முன்னால் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தவர் காதிலும் அது ஒரே கனத்தில் விழுந்தது. அந்தக் காலத்தில் வேறு எந்தப் பொருளும் இந்த ஊரில் அப்படிச் சமமாகப் பங்கிடப்படவில்லை.

அதே மந்தையில், அதே புளியமரத்தடியில், இன்னொரு நாள் ஊர்க்கூட்டம் நடக்கும். வரி போட, வழக்குத் தீர்க்க, திருவிழா நாள் குறிக்க. அதில் கோயில் சுவர் ஓரத்துச் சனமும் சாலை ஓரத்துச் சனமும் வாய் திறந்ததை நான் பார்த்ததில்லை. மேடையிலிருந்து கேட்கலாம், மந்தையில் பேசக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மேடை நமக்கு எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். தமிழில் பேச்சு எப்போதும் உண்டு. கதாகாலட்சேபம் உண்டு, புராணப் பிரசங்கம் உண்டு, வள்ளுவர் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் முன்பின் தெரியாத, சாதி பார்க்காமல் கூடிய ஒரு கூட்டத்தைப் பார்த்து ஒரு மனிதர் பொதுக் காரியம் ஒன்றைத் தமிழில் பேசுவது என்பது புதிய பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847-ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் தெருவில் நின்று பேசிய முறையை எடுத்துச் சைவத்துக்குத் திருப்பினார். அது சமயப் பேச்சு. அரசியல் பேச்சு அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுக் காலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. படித்தவர்கள் படித்தவர்களிடம் பேசினார்கள்.

நடுவில் ஒரு மின்னல் உண்டு. 1887 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. வக்கீல்களும் ஜமீன்தார்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த அந்தச் சபையில் தஞ்சாவூரிலிருந்து போன மூக்கன் ஆசாரி என்ற கைவினைஞர் எழுந்து தமிழில் பேசினார். உளி பிடித்த கை. பெரிய மேடையில் தமிழ் அரசியல் பேச்சின் வாசலைத் திறந்தவர்களில் ஒரு தொழிலாளி இருக்கிறார் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும் என்று நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாசல் முழுக்கத் திறந்தது 1908-இல். திறந்தவர் நம் மாவட்டத்துக்காரர். திண்டுக்கல்லில் பஸ் மாறினால் போய்விடக்கூடிய வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. 1908 தொடக்கத்தில் அவர் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வ.உ.சி. சுதேசிக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையில் மாலைதோறும் கூட்டம். ஒலிபெருக்கி இல்லை. கடல் காற்றுக்கு எதிராக நின்று தொண்டையால் மட்டும் பேச வேண்டும். கேட்க வந்தவர்கள் வக்கீல்கள் மட்டுமல்ல. கோரல் ஆலையில் பஞ்சுத் தூசியோடு வேலை பார்த்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், கடை வைத்திருந்தவர்கள். அவர்களுக்குப் புரிகிற தமிழில், அவர்களுடைய கூலியைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசினார் சிவா. பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது.

வேலைநிறுத்த நாட்களைப் பற்றி வ.உ.சி. வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. வ.உ.சி.யைக் குறைவாகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுக் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சிவாவின் சொற்பொழிவுகளைவிட இந்தச் சம்பவம்தான் எனக்குப் பெரியது. கடற்கரையில் மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடிய ஒரு மனிதர் தம் வேலையிடத்தில் பதில் பேசியிருக்கிறார்.  பேச்சு காதில் விழுந்து ஆளுக்குள் இறங்கியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கடைகள் அடைக்கப்பட்டன, மக்கள் கிளர்ந்தார்கள், நெல்லையில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய நூல் 2024-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி நூலகத்திலும் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். வழக்கில் சிவாவுக்கு எதிராக அரசாங்கம் கொண்டுவந்து வைத்த பெரிய ஆயுதம் அவருடைய சொற்களே. கூட்டத்தில் நின்று போலீஸார் எடுத்த குறிப்புகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 அன்று தீர்ப்புச் சொன்னார். பேசிய சிவாவுக்குப் பத்தாண்டு. அரசுக்கு எதிராகப் பேசியதற்கும் சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கும் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவா சிறையிலிருந்து 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23 அன்று தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் இறந்தார். பேச்சுக்கு விலை கொடுத்தவர் என்ற சொல்லை நாம் இப்போது எளிதாகப் பயன்படுத்துகிறோம். வத்தலக்குண்டுக்காரர் கொடுத்தது தம் தோலும் விரலும்.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது இன்னொரு கட்டம். பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சொன்னார். நாளடைவில் தமிழ்தான் முன்னால் நின்றது. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலர் மதுரையில் தங்கித் தமிழ் கற்று, நம் மேடைப் பேச்சைப் பற்றியே ஆராய்ந்து 2009-இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய தலைவர்கள் பேச்சு வழக்கை ஒட்டிப் பேசினார்கள் என்றும், மேடையில் செந்தமிழை ஏற்றி அதை அரசியலின் அடையாளமாக்கியவர்கள் திராவிட இயக்கத்தார் என்றும் அவர் காட்டினார். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அவர் கண் பெரும்பாலும் மேடை மேலேயே இருந்தது. புளியமரத்தில் குழாய் கட்டியவனுக்குக் கீழே இருந்தவர்கள்தான் தெரிந்தார்கள்.

1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டதை எல்லாரும் அறிவீர்கள். மழையில் நனைந்துகொண்டு ஒரு கூட்டம் நின்று கேட்டது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய முதியோர் பள்ளி எது என்றால் பொதுக்கூட்டம்தான். என் அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருக்கு ரஷ்யா தெரியும், இங்கர்சால் தெரியும், ஐந்தாண்டுத் திட்டம் தெரியும். எல்லாம் கோயில் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து கற்றது. பகலில் முடிதிருத்தும் நிலையத்திலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். ராத்திரி மந்தையில் பேச்சாளர். காமராஜர் மாதிரி அலங்காரமே இல்லாமல் பேசியவரையும் கேட்டார்கள், ஜீவா மாதிரி இடி முழக்கியவரையும் கேட்டார்கள், அண்ணா மாதிரி அடுக்கியவரையும் கேட்டார்கள். எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று தரம் பிரிக்கத் தெரிந்த கூட்டம் அது. பேச்சாளர் சரக்கு இல்லாமல் நீட்டினால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டுத் தட்டை எடுத்து வைப்பார்.

இவர்கள் எல்லாரிலும் பெரியாரை நான் தனியாக நிறுத்துகிறேன். அவருடைய கருத்துக்காக அல்ல. கருத்தில் என்னோடு மாறுபடுகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவருடைய கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கேட்பவர்கள் சந்தேகத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம். திட்டி எழுதிய சீட்டையும் எடுத்து வாசிப்பார், பதில் சொல்வார். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, நீயே யோசித்துப் பார் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் கடைசிக் கூட்டம் பேசினார். ஐந்தாம் நாள் இறந்தார். தொண்ணூற்று நான்கு வயது. அவருக்குப் பிறகு நம் மேடைகளில் துண்டுச்சீட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. அடுத்துப் பேசுகிறவர் பெயரை நினைவூட்டவும், நேரமாகிவிட்டது என்று எச்சரிக்கவும்.

அதே 1973-இன் மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தல். அண்ணா தி.மு.க. என்ற கட்சி பிறந்து ஏழு மாதமே ஆகியிருந்தது. அதன் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம், ஆண்ட தி.மு.க. மூன்றாமிடம். அந்தத் தேர்தலில்தான் நம் பக்கத்துக் கூட்டங்களின் குணம் மாறியது என்பது என் கணிப்பு. எம்.ஜி.ஆர். வருகிறார் என்று சாயங்காலம் போன சனம் விடிய விடியச் சாலை ஓரத்தில் காத்திருந்தது. வண்டி வந்தது, கை அசைந்தது, நாலு வார்த்தை, வண்டி போனது. வீட்டுக்கு வந்த என் அப்பத்தாவிடம் என்ன பேசினார் என்று கேட்டேன். "பேசுனாரா? நான் பாத்தேன்ல" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாழ்நாளெல்லாம் யாரும் கைகூப்பாத ஒரு பெண்மணிக்கு ஒருவர் கைகூப்பினார். ஆனால் கேட்க வந்த கூட்டம் அன்றோடு பார்க்க வந்த கூட்டமாகத் திரும்பத் தொடங்கியது.

திரும்பியது எங்கே போய் நிற்கிறது என்பதை 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் பார்த்தோம். ஒரு தலைவரைப் பார்க்கக் காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் 41 உயிர்கள். குழந்தைகளும் இருந்தார்கள். யார் பொறுப்பு என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். மந்தையில் மணலில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போகிற சுதந்திரத்தோடு இருந்த கூட்டம், சாலையில் தோளோடு தோள் இறுகி அசைய முடியாமல் நிற்கிற கூட்டமாக மாறியதை நாம் எப்போது கவனித்தோம்?

இனி மந்தைக்கு வருகிறேன்.

1993 ஏப்ரல் 24 அன்று அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். சட்டமன்றத்துக்கு உறுப்பினர் ஆகத் தேர்தலில் நிற்க வேண்டும், கிராம சபைக்குப் பதினெட்டு வயது ஆனால் போதும். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறு நாள். குறைவெண் வரம்பு உண்டு. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். படிவம் 30 என்று ஒரு தாள் உண்டு, ஊராட்சிப் பணம் எதற்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். தயவுசெய்து அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபின் நான் இந்த வட்டாரத்துக் கிராம சபைகளுக்குப் போய் ஓரமாக உட்காருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், ஊர் பெயர் வேண்டாம், ஒரு வேப்பமரத்தடியில் கூட்டம். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நூறு நாள் வேலைப் பெண்கள். கையெழுத்துப் போட்டாயிற்று, போகலாமா என்ற முகத்தோடு இருந்தார்கள். செயலர் பொருள்களை வாசிக்கத் தொடங்கினார். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிநீர், வரவு செலவு. மூச்சு விடாமல் வாசித்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்று தாளை மடக்கினார்.

பின் வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்தார். எழுந்தவர் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நாற்று நடப் போகும்போது செருகுவதைப்போல.

"அய்யா, ஒரு நிமிசம். மோட்டாரு ரிப்பேருன்னு வாசிச்சீகள்ல, அதத் திருப்பி வாசிங்க."

செயலர் வாசித்தார். அந்தத் தெருவின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது நீக்கம் என்று மூன்று இடத்தில் செலவு இருந்தது.

"எங்க தெரு மோட்டாரு ஓடி ஏழு மாசமாச்சு. ஓடாத மோட்டாரு எப்படிங்கய்யா மூணு தடவ ரிப்பேராகும்?"

யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்தில் ஒரு குரல் "அதானே" என்றது. இன்னொரு குரல். செயலர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், "நாளைக்கு ஆபீசுக்கு வாங்கம்மா, தனியாப் பேசிக்கலாம்" என்று.

"ஆபீசுக்கு வந்தா நான் ஒருத்தி. இங்க கேட்டாத்தான எல்லாருக்கும் கேக்கும்?"

நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். நம் மொழியில் 'கேள்' என்ற சொல் காது கொடுப்பதற்கும் வினவுவதற்கும் ஒன்றாகவே இருக்கிறது என்று எத்தனையோ வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வள்ளுவர் 'கேள்வி' என்று பெயர் வைத்த அதிகாரம் கற்றவர் சொல்லைக் காதால் வாங்கிக்கொள்வதைப் பற்றியது, நாம் இன்று கேள்வி என்பது வேறு என்று இலக்கணம் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா இரண்டு பொருளையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, எதற்காக அந்தச் சொல் ஒன்றாக இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டார். அவர் உட்காரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற வரைக்கும் நின்றார். மோட்டார் பிறகு ஓடியது. கணக்குக்குப் பதில் வரவில்லை.

நான் கேட்ட மிகச் சிறந்த மேடைப் பேச்சு எது என்று யாராவது கேட்டால், மேடையே இல்லாமல் பேசிய இந்த நாலு வரியைத்தான் சொல்வேன். ஆனால் இது அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களில் 298 கிராம சபைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்து 2019-இல் நூலாக்கினார்கள். அதே ஆண்டில், தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் யார் பேசினார்கள், யாருக்குப் பதில் கிடைத்தது என்று வார்த்தை வார்த்தையாக எண்ணிய ஆய்வு ஒன்றும் வந்தது. ரம்யா பார்த்தசாரதி, ராவ், நேத்ரா பழனிச்சாமி மூவரும் செய்தது. பெண்கள் பேசுவது குறைவு, பேசினாலும் கூட்டம் அந்தப் பொருளுக்குத் திரும்புவது குறைவு, திரும்பினாலும் அதிகாரியிடமிருந்து உரிய பதில் கிடைப்பது குறைவு என்று கண்டார்கள். தலைவர் பெண்ணாக இருந்த ஊர்களில் பதில் கூடியது என்றும் கண்டார்கள். கோயில் சுவர் ஓரம் இன்னும் இருக்கிறது. சாமியானாவுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாலை ஓரம்? அதைப் பற்றிப் பேசாமல் போனால் நான் இந்த மேடையில் நின்றது வீண். நத்தத்துக்கு அந்தப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் மேலவளவு இருக்கிறது. தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30 அன்று அவரையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். மந்தையில் உட்காரும் உரிமை கேட்டதற்கு அந்த விலை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான பெண்மணியை, கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையில் உட்காரவைத்த படம் நாடு முழுக்கப் பரவியது. பேச்சுரிமை என்கிறோமே, அது வாயிலிருந்து தொடங்குவதில்லை. உட்காரும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

அதே மேலூர்ப் பக்கம்தான் இன்னொன்றையும் காட்டியது. அரிட்டாபட்டியை ஒட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏல முடிவு வெளியானது. அந்த மாதம் நடந்த கிராம சபைகளில் ஊர் ஊராக எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சனவரி 7-இல் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைத் தலைமை அஞ்சலகத்துக்கு ஆயிரக்கணக்கில் நடந்து போனார்கள். 2025 சனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் இதைச் செய்யவில்லை, நடையும் சேர்ந்துதான் செய்தது. ஆனால் எல்லாரும் ஒரே சொல்லோடு நடக்க முடிந்ததற்கு, அதற்கு முன்பே மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சொல்லை எழுதி வைத்திருந்தது காரணம். பேசிய பெரும் பேச்சாளர் யார் என்று அந்தப் போராட்டத்தில் எனக்கு ஒரு பெயர்கூட நினைவில்லை.

இதையெல்லாம் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுக்கு மேல் நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 சனவரி 5-உடன் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கேள்வி கேட்க ஆள் எழுந்தாலும், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எதிரே இருக்க வேண்டாமா?

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்த காலமெல்லாம் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். நானே எழுதிக் கொடுப்பேன், அவர்கள் மனப்பாடம் செய்வார்கள், எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று சொல்லிக் கொடுப்பேன். பரிசு வாங்கினார்கள். பரிசு வாங்கியவர்களில் ஒருவர்கூட என் பேச்சில் இது ஏன் இப்படி என்று என்னைக் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி நான் பழக்கவில்லை.

அதனால் அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான பரிசை இனிப் பேச்சுக்குத் தருவதில்லை, கேள்விக்குத் தருவது என்று. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போய் உட்கார வேண்டும். வாசிக்கிற கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியை ஒரு தாளில் எழுதிவர வேண்டும்.

தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "சார், அங்க எந்திரிச்சுக் கேக்க எத்தன வயசு ஆகணும்?" என்றாள். உறுப்பினராகப் பதினெட்டு ஆக வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "எங்கம்மாகிட்ட எழுதிக் குடுத்துக் கேக்கச் சொல்லலாமா?" சொல்லலாம் என்றேன். "எங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது சார்." அப்படியானால் ராத்திரி சொல்லிக் கொடு, மனப்பாடம் பண்ணிக்கொள்ளட்டும் என்றேன்.

அவள் எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. "எங்கள் தெருவுக்குப் பத்து விளக்கு வாங்கியதாக வாசித்தீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஆறு இருக்கிறது. மீதி நாலு எந்தத் தெருவில் எரிகிறது?"